ரிப்ளை அமுக்கினால் மடல் யாருக்குப் போகும்?

போன செமஸ்டரில் நடந்த கூத்து இது. எங்கள் வகுப்புக்கு ஒரு மடற்குழு உண்டு. அதில் நண்பன் போட்ட மடலுக்கு, "அப்பாவுக்கு இன்னும் சம்பளம் வரலைடா, ஃபீஸ் கட்ட ரெண்டாயிரம் புரட்ட முடியுமா?" என்று ரிப்ளை அடித்தேன். அது அவனோடு நிற்கவில்லை, வகுப்பு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் திருவேற்காடு பஸ்ஸில் ஏறியதுமே ஒருத்தன் கேட்டான், "பணம் கிடைச்சுதா?"

தப்பு யாருடையது என்று தேடிப் பார்த்தேன். இது பழைய சண்டையாம்!

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் சாதாரணமாக நம் கண்ணில் படாத சில வரிகள் இருக்கும். அவைதான் ஹெடர். 'ஃப்ரம்' வரியில் எழுதியவரின் முகவரி இருக்கும். 'ரிப்ளை-டு' என்று இன்னொரு வரி இருந்தால், பதில் அதில் உள்ள முகவரிக்குப் போகும்.

1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறையிலேயே ஒரு யோசனை உண்டு. குழுவாக விவாதிப்பவர்கள் ரிப்ளை-டுவில் குழுவின் முகவரியைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே அது. பிற்பாடு வந்த மடற்குழு மென்பொருள்கள், குழு நடத்துபவர் விரும்பினால், எல்லா மடலிலும் அதைத் தாங்களே போட்டன. சண்டை அங்கேதான் ஆரம்பம். சிப் ரோசந்தால் இது கெடுதல் என்று கட்டுரை எழுதினார். இல்லை, பயனுள்ளதே என்று சைமன் ஹில் பதில் கட்டுரை எழுதினார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 1990களில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாட்டுத் தமிழர்கள் அங்கே கூடினார்கள். டிஸ்கி எழுத்துக் குறியீடும் மடல்களில் விவாதித்து உருவானதுதான். ஒருவர் சொன்ன திருத்தம் ஒரே ஆளின் பெட்டியில் கிடந்தால் அந்த வேலை எப்படி நடக்கும்? அங்கே பதில் எல்லாருக்கும் போவதுதான் நல்லது.

ஆனால் தவறு நேரும்போது கணக்கு மாறிவிடுகிறது. எல்லாருக்கும் போக வேண்டியது ஒருவருக்குப் போனால் மறுபடி அனுப்பிவிடலாம். ஒருவருக்குப் போக வேண்டியது எல்லாருக்கும் போனால்? திரும்ப வாங்க முடியாது. நான் பட்டது அதுதான்.

இதற்கு வழியும் வந்தது. 1998ல் ஆர்எஃப்சி 2369 குழுவின் முகவரிக்கென்றே 'லிஸ்ட்-போஸ்ட்' என்று தனி வரி கொடுத்தது. 2001ல் ஆர்எஃப்சி 2822, ரிப்ளை-டு என்பது மடலை எழுதியவரின் யோசனை என்று சொன்னது. இருந்தும் வழக்கம் மாறவில்லை. 2020 டிசம்பரில் மூடப்பட்ட யாஹூ குழுமங்களில்கூட, பதில் யாருக்குப் போக வேண்டும் என்று குழுவை நடத்துபவர்தான் தேர்ந்தெடுப்பார்.

2014 ஏப்ரலில் இன்னொரு திருப்பம். போலி மடல்களைத் தடுக்க யாஹூ டிமார்க் விதியைக் கடுமையாக்கியது. குழு வழியாகப் போன யாஹூ பயனர்களின் மடல்கள் பல இடங்களில் திரும்பி வந்தன. அதனால் பல குழுக்கள் ஃப்ரம் வரியிலேயே குழுவின் முகவரியைப் போட ஆரம்பித்தன. எழுதியவர் முகவரியே பின்னால் போய்விட்டது!

மடற்குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பதில் எங்கே போகும் என்று உறுப்பினர் சேரும்போதே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் 'சென்ட்' அமுக்கும் முன் 'டு' வரியை ஒருமுறை பாருங்கள்.

பின்குறிப்பு: பணம் கிடைத்தது. கொடுத்தது அந்த நண்பன் இல்லை, அதுவரை நான் பேசியே இராத ஒரு வகுப்புத் தோழி!