‘அசுத்தம்’ என்ற குற்றச்சாட்டு: மலையக மக்களின் சுகாதார வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

ஒரு மக்கட் கூட்டம் நோயுறும்போது அதற்கான காரணத்தை அம்மக்களின் பழக்கவழக்கங்களிலே தேடுவது ஆளுவோருக்கு எக்காலத்தும் வசதியாக இருந்துவந்துள்ளது. பழக்கவழக்கமே நோய்க்குக் காரணமெனில், கூலிக்கும் குடியிருப்புக்கும் குடிநீருக்கும் எவரும் பொறுப்புக் கூறவேண்டியதில்லை. நமது நாட்டின் மலையகத் தமிழ் மக்களுடைய சுகாதார வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்வுண்மையை அடிக்கடி எதிர்கொள்வர். ஆகவே, அவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வினாவை எழுப்பிப் பார்ப்பது பயனுடையதாகும்: வகுக்கப்பட்ட சட்டமும் வழங்கப்பட்ட மருந்தும் யாருடைய நலனைக் காப்பதற்காக வந்தன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கண்டிப் பிரதேசத்தில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம் மேலும் பல்லாயிரவரை இத்தீவுக்குத் தள்ளியது. வந்தோரிற் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஊரிலே தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டோர் இங்கே ‘கூலி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர்.

மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மாத்தளையை அடைய ஏறக்குறைய 150 மைல் நடக்கவேண்டியிருந்தது. வழியெங்கும் வன்னிக் காடு, நல்ல நீர் இல்லை, தங்குமிடம் இல்லை. வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்க மாட்டாதவர்கள் வழியிலேயே கைவிடப்பட்டனர். புதைப்பாரின்றிக் கிடந்த எலும்புகள் அப்பாதையின் அடையாளமாயின. இத்தனை சாவுகளின் நடுவே அரசாங்கத்தையும் பாதையோரத்து ஊர்களையும் பிடித்தாட்டிய அச்சம் வேறொன்று. நடந்து வருவோர் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பதே அது. நோய்க்கு இரையானவனே நோயின் காரணன் ஆக்கப்பட்டான். பிற்காலத்தில் இராமநாதபுரக் கரையில் அமைந்த மண்டபம் முகாமும் இந்த அச்சத்தின் வழியே வந்தது. தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கு தடுத்துவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். தீவின் ஏனைய மக்களைத் தொழிலாளியிடமிருந்து பாதுகாப்பது முதற் கட்டத்துச் சுகாதாரத்தின் நோக்கமாக இருந்தது.

இரண்டாவது கட்டம் சட்டங்களின் கட்டம். 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டப் பிரதேசங்களுக்கு வைத்திய ஏற்பாடுகளைச் செய்ய முற்பட்டது. 1880இல் அது திருத்தியமைக்கப்பட்டது. 1912இல் வந்த புதிய சட்டம், லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயுற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகிய கடமைகளைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. ஏட்டளவில் இவை மேலானவை. அக்காலத்துக் கிராமத்து விவசாயிக்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை என்று கூறுவோருமுண்டு.

ஆயின் சட்டத்தை நிறைவேற்றுபவன் யார்? கூலியைக் குறைத்து இலாபத்தைக் கூட்டவேண்டிய அதே துரையே. நோயாளியின் நோயை முதலிற் கண்டு தீர்ப்புச் சொல்பவன் கங்காணி. வேலைக்குப் போகாதவனுக்குப் பெயரில்லை, பெயரில்லையேல் சம்பளமில்லை. களைத்துப்போனவனுக்கு ‘அரைப்பேர்’. இந்நிலையிலே காய்ச்சலுடனும் கொழுந்துக் கூடையைச் சுமப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நிலைமை முற்றிய பின்னரே பலர் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டனர். சென்றவர்களிற் பலர் திரும்பவில்லை. எனவே வைத்தியசாலை சாவதற்கான இடமென்ற அச்சம் லயங்களிலே பரவியது. அதிகாரிகளோ அந்த அச்சத்துக்கு மூடநம்பிக்கை என்று பெயரிட்டனர். மருந்து எட்டாத இடத்தில் வேப்பிலையையும் மாரியம்மனையும் மருத்துவச்சியையும் நாடியது அறியாமையின் விளைவு மட்டுமன்று. இவர்களை விட்டால் அம்மக்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

மூன்றாவது கட்டத்திலே விஞ்ஞானம் நேரடியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பமாயிற்று. சோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரின் குடலில் அப்புழு குடியிருந்தது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணிற் பொரித்துப் புழுவாகும். அப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகும். குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குன்றியவன் சோர்ந்துபோவான். இரத்தம் குன்றிய கர்ப்பிணி பிரசவத்தில் மடிவாள். இந்த உண்மை தெரிந்த பின்னர் செய்யவேண்டியதும் தெளிவாகவே இருந்தது: புழுவுக்கு மருந்து, லயத்துக்கு மலசலகூடம், காலுக்குச் செருப்பு.

மருந்து வந்தது, மலசலகூடம் வரவில்லை. மருந்து மலிவானது, தொழிலாளியை விரைவிலே மலைக்குத் திருப்பி அனுப்பவல்லது. மலசலகூடமோ தோட்டக் கம்பனியின் பணத்தை விழுங்குவது. ஆகவே புழு நீங்கிய தொழிலாளி அதே மண்ணில் அதே வெறுங்காலுடன் நடந்து மீண்டும் புழுவை வாங்கிக்கொண்டான். கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் அதனைப் பயன்படுத்தமாட்டார்கள், அது அவர்களின் இயல்பு என்று துரைமார் வாதித்தனர். இனவாதம் இவ்விடத்தில் எவ்வளவு நாகரிகமான உடையை அணிந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பத்தை அடைத்துவைத்தவன், அக்குடும்பத்துக்குக் கலாசாரம் போதாதென்று குறைகூறுகிறான்!

இலங்கை சுதந்திரம் அடைந்தபின் நாடெங்கும் இலவச வைத்தியசேவை விரிவடைந்தது. சிசு மரணம் விரைவாகக் குறைந்தது. பிறநாட்டு ஆய்வாளரும் வியந்து போற்றிய சாதனை அது. இதனைச் சாதித்த சக்திகளுள் வாக்குரிமை முக்கியமானது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், கிராமத்துக்கு வைத்தியசாலை கொண்டுவராத அரசியல்வாதி அடுத்த தேர்தலிலே தோல்வியை எதிர்நோக்கினான். தோட்டத் தொழிலாளரும் 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவர்களை நாடற்றோராக்கி வாக்கையும் பறித்தன. வாக்கில்லாதவனுக்கு வைத்தியசாலை கட்டிக் கொடுக்க எந்த அரசியல்வாதி முன்வருவான்? கிராமம் அரசாங்கத்தின் சுகாதாரத்தைப் பெற்றது. தோட்டம் துரையின் சுகாதாரத்திலேயே விடப்பட்டது. தோட்டத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழரும் இவ்விடத்திற் பெருமைப்பட இடமில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனச் சொல் தமிழிலேதான் பிறந்தது.

1964இலும் 1974இலும் டில்லியும் கொழும்பும் இம்மக்களைத் தொகை பார்த்துப் பங்கிட்டுக்கொண்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே இந்நிலையின் முழு விளைவும் வெளிப்பட்டது. கிராமத்தவனுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வாசலும் சொந்தமில்லை. தோட்டங்களில் மரணவீதம் பாய்ந்தேறியது; அங்கு சிசு மரணவீதம் நாட்டின் சராசரியைப்போல் இருமடங்கையும் விஞ்சி நின்றது.

இதன்பின் நிகழ்ந்தது நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. காலப்போக்கில் குடும்பநல மருத்துவமாதரும் பிள்ளை மடுவங்களும் குழாய்நீரும் மலசலகூடங்களும் பல தோட்டங்களை எட்டின. படிப்படியாகப் பிரஜாவுரிமையும் மீண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் அதனை வழங்கியது. தோட்டங்களில் சிசு மரணம் பெரிதும் வீழ்ந்தது. மக்கள் அதே மக்கள்; தெய்வங்கள் அதே தெய்வங்கள்; திருவிழாவும் தப்பும் காமன்கூத்தும் மாறவில்லை. மாறியவை நீரும் மருத்துவமாதும் மலசலகூடமும். கலாசாரமே நோய்க்குக் காரணமென்று நூறாண்டு காலம் சொல்லப்பட்ட வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

எனினும் பழைய கணக்கு முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, நாட்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர், தோட்டங்களிலோ 31.7 வீதத்தினர். பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. இந்த எண்களைக் கண்டதும் தாய்மாரின் அறியாமை, தந்தைமாரின் குடிப்பழக்கம் என்று பட்டியல் வாசிப்போர் நம்மிடையே உளர். துரையின் குரல் துரையோடு போய்விடவில்லை!

இது நமது தீவுக்கு மட்டும் உரிய கதையன்று. அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் தம் சொந்த மண்ணிலேயே இத்தகைய இழிவைச் சுமந்தனர். சிட்னி நகரின் ரெட்பேன் பகுதியில் 1971இல் அவர்கள் தாமே ஒரு வைத்திய நிலையத்தை நிறுவி, அதன் நிருவாகத்தைத் தம் கையிலே வைத்துக்கொண்டனர். அவமதிப்புக்கு அஞ்சி வைத்தியசாலைப் படியேறாதிருந்தோர் அங்கு வந்தனர். அந்த முன்மாதிரி அக்கண்டமெங்கும் பரவியது. நோயாளியை மனிதனாக மதிக்கும் இடத்திலே அவனுடைய கலாசாரம் சிகிச்சைக்குத் தடையாவதில்லை.

2023ஆம் ஆண்டிலே மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் வீழ்ந்த வழியிலே பின்னோர் உரிமை கேட்டு நடந்தனர். அவர்கள் கேட்பது இரக்கத்தையன்று. தோட்ட வைத்திய நிலையங்கள் முழுமையாக அரச சேவையுள் வரவேண்டும்; நோயாளி தன் நோவைத் தமிழிற் சொல்லவும் அதற்குத் தமிழில் விடை பெறவும் வேண்டும்; வீட்டுக்கும் அதைச் சூழ்ந்த துண்டு நிலத்துக்கும் உறுதி வேண்டும்; வயிறாரப் போதிய கூலி வேண்டும். இவை சுகாதாரத்துக்குப் புறம்பான கோரிக்கைகள் என எண்ணுவோர், செருப்பும் மலசலகூடமும் இன்றிப் புழுவை ஒழிக்கப் புறப்பட்டோரின் கதையை மீண்டுமொருமுறை படித்துப் பார்ப்பாராக.