காட்டுக் கணக்கும் பொதுஜனங்களும்

மரத்தை வெட்டுகிறவன் ஒருவன். வெட்டுவதற்கு உத்தரவு கொடுக்கிறவன் ஒருவன். அதனால் நேரும் வெள்ளத்தையும் மண்சரிவையும் அநுபவிக்கிறவன் மற்றொருவன். முதலிருவரும் தமக்குள் ஒருவருக்கொருவர் கணக்குக் காட்டிக் கொள்வார்கள். மூன்றாமவனுக்கும் கணக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் எந்தச் சர்க்காருக்கும் எளிதில் உதித்ததில்லை. கனடா தேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே அவ்வெண்ணம் 1995-ம் ஆண்டில் சட்டபூர்வமான ஒரு சபையாக உருவெடுத்தது. அவ்வாறு உருவெடுக்க நூற்று முப்பது ஆண்டுகள் சென்றன. அந்த வரலாற்றையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

அம்மாகாணத்தின் பரப்பு ஏறத்தாழ 9½ கோடி ஹெக்டேர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு இன்றும் பொதுநிலம். வேறு பல இடங்களில் காடுகள் தனவந்தர் கைக்குப் போய்விட்ட காலத்தில் இங்கு அப்படி நேராததற்குக் காரணம் யாது? 1865-ம் ஆண்டில் அக்குடியேற்ற நாட்டினர் இயற்றிய நிலச் சட்டமே. மரத்தை வெட்டிக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கலாம், நிலத்தைக் கொடுக்க வேண்டுவதில்லை என்ற ஏற்பாடு அதில் புகுத்தப்பட்டது. மாட்டை விற்காமல் பாலை மட்டும் விற்பது போன்ற யுக்தி இது. கறப்பவன் கன்றுக்கு மிச்சம் வைக்கிறானா என்று பார்ப்பது யார் என்பதை மட்டும் அச்சட்டம் சொல்லவில்லை.

‘பொதுநிலம்’ என்றோம். அந்தப் பொது யார்? அந்நிலத்தின் பெரும்பகுதி ஆதிக்குடிகளிடமிருந்து எவ்வித உடன்படிக்கையுமின்றி எடுத்துக் கொள்ளப்பட்டது. மரமறுக்கும் ஆலைகளிலே கூலிக்கு உழைத்தவர்களில் சீனர், ஜப்பானியர், பஞ்சாப் சீக்கியர் பலர். வான்கூவர் தீவில் மேயோ சிங் என்னும் சீக்கியர் மரமறுக்கும் ஆலை வைத்து, பால்டி என்ற ஊரே உண்டாக்கினார். ஆயினும் 1907-ம் ஆண்டு முதல் இந்தியருக்கு அம்மாகாணத்தில் வாக்குரிமை இல்லை. இந்தியரும் சீனரும் அதனைப் பெற்றது 1947-ல். ஜப்பானியரும் ஆதிக்குடிகளும் பெற்றது 1949-ல். காட்டின் எதிர்காலத்தைப் பற்றி 1943 முதல் 1945 வரை நீதிபதி ஸ்லோன் தலைமையில் ராயல் கமிஷன் விசாரணை நடத்தியபொழுது, அக்காட்டு மரத்தைத் தோளில் சுமந்தவர்களும், அக்காட்டிலே ஆதியிலிருந்து வாழ்ந்தவர்களும் வாக்காளர் பட்டியலிலே இல்லாதவர்களாயிருந்தனர். கூலிக்கு மட்டும் வேண்டப்பட்டு, யோசனைக்கு வேண்டப்படாதவர் கதை நமது மக்களுக்குப் புதிதன்று. ஆதலின் அதனை விரிக்காது மேற்செல்வோம்.

சர்க்கார் வாளாவிருந்ததாகவும் சொல்வதற்கில்லை. 1912-ல் காட்டுச் சட்டம் இயற்றிக் காட்டிலாகாவை ஏற்படுத்தினர். 1919-ல் மேய்ச்சல் சட்டம் வந்தது. ஸ்லோன் கமிஷனின் யோசனைப்படி 1947 முதல் பெரிய பெரிய காட்டுப் பரப்புகளை நீண்டகால லைசென்ஸுகளாகக் கம்பெனிகளுக்கு வழங்கலாயினர். வெட்டிய இடத்தில் மறுபடியும் மரம் வளர்த்து, காட்டை என்றும் குன்றாமல் காக்கவேண்டும் என்பது நிபந்தனை. கொள்கை நல்லதே. ஆனால் அத்தனை பெரிய செல்வத்தை ஒரு மந்திரியின் கையெழுத்து வழங்கும் என்றால் அங்கே என்ன நிகழும் என்பதை ஊகிக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை.

1955-ல் சட்டசபை அங்கத்தினரான கார்டன் கிப்ஸன் என்பவர், லைசென்ஸ் வழங்குவதிலே பணம் விளையாடுகிறது என்று சபையிலேயே குற்றஞ்சாட்டினார். அதற்காகத் தம் பதவியைத் துறந்து, அதே தொகுதியில் மீண்டும் நின்றார், தோற்றார்! குற்றச்சாட்டு நிரூபணமாவதற்கு முன்னே குற்றஞ்சாட்டியவர் தண்டனை பெற்றுவிட்டார் எனலாம். எனினும் விவகாரம் அடங்கவில்லை. காட்டிலாகா மந்திரி ராபர்ட் ஸம்மர்ஸ் 1956-ல் ராஜிநாமாச் செய்தார். 1958-ல் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காகச் சிறை சென்றார். ஒரு மந்திரி சிறைபுகுந்ததோடு ஜனங்கள் திருப்தியடைந்து விட்டனர் போலும். லைசென்ஸ் முறையும், அதைக் கண்காணிப்பவர்களும் பழையபடியே இருந்தனர். காட்டிலாகாவே லைசென்ஸ் கொடுக்கும். காட்டிலாகாவே சோதனை செய்யும். காட்டிலாகாவே தன் வேலை திறமானது என்று நற்சாட்சிப் பத்திரமும் எழுதிக்கொள்ளும்.

பின்வந்த முப்பதாண்டுகளிலே எந்திர ரம்பமும் லாரிகளும் மலைச்சரிவுகளை மொட்டையடித்தன. சரிவிலே பாதை வெட்டுங்கால் தோண்டிய மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளிவிடுவர். மாரிக்காலத்தில் அது சரிந்து ஓடையில் விழும். ஸாமன் மீன் முட்டையிடும் கூழாங்கற் படுகையைச் சேறு மூடும். முட்டைகள் மூச்சற்று மடியும். கடலிலிருந்து திரும்பிவரும் அம்மீனை நம்பி வாழ்ந்தவர் ஆதிக்குடிகளும் வலைஞருமாவர். மரக்கம்பெனியின் வரவு செலவுப் புத்தகத்தில் மீனுக்கு ஏடு இல்லை.

1993-ம் ஆண்டுக் கோடையில், வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள கிளாக்வாட் சவுண்ட் என்னுமிடத்திலே பழங்காட்டை வெட்ட அனுமதித்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மரம் வெட்டப் போகும் வழியில் அமர்ந்து மறியல் செய்தனர். எண்ணூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர். உபாத்தியாயர், பாட்டிமார், மாணவர் என்று பல தரத்தாரும் அதில் இருந்தனர். ‘பொதுநிலத்தைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்’ என்ற சர்க்காரின் சொல்லை மக்கள் இனி நம்பமாட்டார்கள் என்பது அன்று வெளிப்படையாயிற்று.

1994-ல் புதிய காட்டு நடைமுறைச் சட்டம் நிறைவேறி, 1995 ஜூன் மாதம் அமுலுக்கு வந்தது. ஓரிடத்தில் ஒரே தொடர்ச்சியாக வெட்டும் பரப்பு, இடத்துக்கேற்ப 40 அல்லது 60 ஹெக்டேருக்கு மேற்படலாகாது. ஓடைக்கரையில் மரம் விடவேண்டும். மீறினால் கடுமையான அபராதம் என்றெல்லாம் அது விதித்தது. அவற்றைக் காட்டிலும் நாம் பெரிதாகக் கருதுவது, அச்சட்டத்தாலேயே ஏற்பட்ட காட்டு நடைமுறைச் சபையைத்தான். இதன் முதல் தலைவர் கீத் மூர். சபையினரை நியமிப்பதும் அதற்குப் பணம் தருவதும் சர்க்காரேயாயினும், எந்தக் கோப்பைத் திறப்பது, என்ன எழுதுவது என்பதில் எந்த மந்திரியும் அதற்குக் கட்டளையிட முடியாது.

அது வேலை செய்யும் விதம் எளியது. ஆண்டுதோறும் லைசென்ஸ்தாரர் சிலரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பொறுக்கியெடுத்து, நிபுணர்களைக் காட்டுக்குள் அனுப்பிப் பாதை, பாலம், ஓடை, நடுகை யாவற்றையும் சட்டத்தோடு ஒத்துப் பார்க்கும். கம்பெனிகளை மட்டுமன்று, மரம் விற்கும் சர்க்கார் இலாகாவையும் அப்படியே சோதிக்கும். பிரஜை எவரும் புகார் எழுதலாம். குறை கூறப்படுகிறவருக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்தபின், அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் தோட்டங்களிலும் சோதனை உண்டு. விசிட்டிங் ஏஜெண்டு என்ற துரை வருவார்; பால்வெட்டின் ஆழத்தையும் பட்டையின் கனத்தையும் பார்ப்பார்; கூலி லயத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்; அறிக்கை எழுதுவார். அது மானேஜருக்கும் கம்பெனி டைரக்டர்களுக்கும் போகும். லயத்திலே குடியிருப்பவன் அவ்வறிக்கையில் தன் கூரையைப்பற்றி என்ன எழுதியிருக்கிறதென்று கண்டதில்லை. கிராணி வேலை பார்ப்போராகிய நாம் கணக்கின் அருமையை அறிந்தவர்கள். கணக்கு சரியாயிருப்பது வேறு, அது யார் கண்ணுக்குக் காட்டப்படுகிறது என்பது வேறு என்பதையும் அறிந்தவர்கள். அச்சபையின் புதுமை முழுதும் இந்த இரண்டாவது விஷயத்திலேயே இருக்கிறது.

‘சரி, குற்றங் கண்டால் சபை என்ன செய்யும்?’ என்று கேட்கலாம். அபராதம் போட அதற்கு அதிகாரமில்லை. வேலையை நிறுத்தவும் அதிகாரமில்லை. யோசனை சொல்லலாம், பதில் கேட்கலாம், அதிகாரி ஒருவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினால் அப்பீல் கமிஷனுக்குப் போகலாம். பல்லில்லாத நாய் என்று இகழ்ந்தோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 2014-ல் காட்டுப் பாதைகளில் புதிதாகக் கட்டிய இருநூறுக்கு மேற்பட்ட பாலங்களைச் சோதித்து, சில பாலங்கள் பாதுகாப்பற்றவை என்று அது வெளியிட்டது. லாரி ஓட்டும் தொழிலாளிக்கு அச்செய்தி அபராதத்தினும் பெரிது. 2015-ல் வெளியிட்ட அறிக்கை இன்னும் துணிவானது: கண்ணெதிரே தீங்கு நிகழ்வதைக் கண்டாலும், திட்டம் சட்டத்தின் எழுத்துக்கு ஒத்திருந்தால் ஜில்லா அதிகாரியால் தடுக்க முடிவதில்லை என்பதை அது எடுத்துக் காட்டிற்று. 2019-லும் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டது.

அந்தக் குறை முளைத்தது 2004-ல். அவ்வாண்டு பழைய சட்டத்தைத் தளர்த்திக் காடு மேய்ச்சல் நடைமுறைச் சட்டம் அமுலாயிற்று. வழியை விதிக்காமல் பலனை மட்டும் விதிப்பது அதன் தத்துவம். வழியைக் கம்பெனியின் நிபுணரே தீர்மானிப்பார். சபையை மட்டும் கலைக்கவில்லை. அஃது இருந்தது நன்றாயிற்று. குளிர் குறைந்த ஆண்டுகளிலே பைன் மர வண்டு சாகாது பெருகி, உள்நாட்டுக் காட்டில் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. பட்ட மரத்தை வீணாகுமுன் வெட்டவேண்டுமென்று விரைந்தனர். வெட்டிய இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வெட்டவெளியானதை 2009-ல் படமிட்டு நாட்டுக்குக் காட்டியது இச்சபையே.

மேய்ச்சல் நிலமும் இதன் பார்வைக்குட்பட்டதே. காம்லூப்ஸ், கேரிபூ, சில்கோட்டின் பகுதிகளிலே, 1858-ல் தொடங்கிய தங்க வேட்டைக் காலத்தில் ஓட்டிவந்த மந்தைகளின் வழியாகப் பண்ணைத் தொழில் வளர்ந்தது. புல்வெளி அம்மாகாணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை. மாடு ஓடைக்கரையை விட்டு நகராது. கரையை மிதித்துச் சேறாக்கும். அந்நீரையே கீழூரார் பருகுவர். அத்தகைய புகார்களையும் சபை விசாரிக்கிறது.

ஆயினும் அதற்கு வேலியுண்டு. எப்படி வெட்டினாய் என்று கேட்கலாம். வெட்டவே வேண்டுமா என்று கேட்க முடியாது. 2020-லும் 2021-லும் ஃபேரி கிரீக் என்னுமிடத்தில் பழங்காட்டுக்காக மறியல் நடந்து, ஆயிரத்து நூறு பேருக்கு மேல் கைதானது அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியே. அதே 2020-ல் பழங்காடுகளைப் பற்றிய புதிய யோசனைகளைச் சர்க்காருக்கு அளித்த இருவருள் ஒருவர், முன்னாளில் இச்சபைக்குத் தலைவராயிருந்த ஆல் கார்லி.

மற்றொரு வேலி 1884-ம் ஆண்டிலேயே போடப்பட்டது. ரெயில் பாதை அமைப்பதற்கென்று, நிலக்கரிச் சீமானாகிய டன்ஸ்முயருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் வான்கூவர் தீவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம் தானமாயிற்று. 1865-ன் சட்டத்தின் யுக்திக்கு மாறாகப் பால் மட்டுமன்றி மாடும் கைமாறிய இடம் அது. இன்று அதன் பெரும்பகுதி கம்பெனிகளின் தனிக்காடு. ஒரே மலை, ஒரே ஓடை. ஆயினும் மேற்சரிவு பொதுநிலமானால் கீழூரான் எழுதும் புகாரைச் சபை வாங்கிக் கொள்ளும். தனிநிலமானால் அது தன் எல்லைக்குட்பட்டதன்றென்று பதில் எழுதும்.