மணலில் எழுதிய அகரம்

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த மணலின் அருகே இரண்டு குழந்தைகள் அமர்ந்திருக்கக் கண்டேன். பெண் குழந்தைக்கு எட்டு வயதிருக்கும். அவள் தம்பிக்கு நான்கு வயதிருக்கலாம். தம்பியின் சுட்டுவிரலைத் தன் கையால் பற்றி மணலில் அகரத்தை எழுதப் பழக்கிக்கொண்டிருந்தாள் அக்காள். சுழி தவறும்போதெல்லாம் உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமன் செய்து, "மறுபடியும் எழுது" என்றாள். அடிக்கவில்லை; அலுத்துக்கொள்ளவுமில்லை. ஐந்தாம் முறை எழுத்து ஓரளவு உருப்பெற்றது. அப்போது தம்பியைக் காட்டிலும் அக்காள் முகத்திலேதான் மகிழ்ச்சி மிகுதியாக இருந்தது.

வீட்டிலே மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நாம் நாள்தோறும் காணும் செய்தி. அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நேயர்களே, இந்தச் சிறு செயலுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன், சென்னையில் இதைப் போன்ற காட்சியொன்று ஓர் அயல்நாட்டாரின் கண்ணில் பட்டது. பட்டதன் பயனாக அது கடல் கடந்து சென்று, ஆயிரக்கணக்கான பள்ளிகளை உண்டாக்கியது. அந்த வரலாற்றையும், அதனை நான் காலந்தாழ்ந்து புரிந்துகொண்ட விதத்தையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை முதலில் நினைவுக்குக் கொண்டுவருவோம். உபாத்தியாயருடைய வீட்டுத் திண்ணையோ, ஊரில் வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையோதான் பள்ளி. இக்காலத்தைப் போன்ற வகுப்புப் பிரிவுகள் அங்கே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பர். புதிதாக வந்த பிள்ளை மணலில் விரலால் எழுதும். கை திருந்திய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும். அரிச்சுவடி முடிந்தபின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நூல்கள், அவற்றோடு எண்சுவடி. முந்திரி, காணி, மா, கால், அரை என்று பின்னங்களை வாய்பாடாக ஒப்பிக்க வேண்டும். முந்திரி என்பது ஒன்றை 320 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. காணி என்பது 80 பங்கில் ஒரு பங்கு. நெல்லையும் நிலத்தையும் அளந்து வாழ்ந்த மக்களுக்கு அக்கணக்கு அன்றாடத் தேவையாக இருந்தது.

ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பல வயதினர். எல்லாருக்கும் அவரே எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி இயலும்? ஆகவே முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குக் கற்பித்தான். அவர்களுள் மூத்தவனாகவும் கெட்டிக்காரனாகவும் இருப்பவன் சட்டாம்பிள்ளை. ஆசிரியர் உள்ளே சென்றிருக்கும் நேரத்தில் திண்ணை அவனுடைய ஆட்சியில் இருக்கும். ஊராரே பள்ளியைப் பேணினர். பெற்றோர் தத்தம் நிலைமைக்கேற்பக் காசோ நெல்லோ கொடுத்தனர். நவராத்திரியின்போது பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடி வீடுதோறும் சென்று ஆசிரியருக்குப் பொருள் பெற்றுத் தந்தனர். சுருங்கச் சொன்னால், திண்ணைப் பள்ளி ஒரு பெரிய குடும்பத்தைப் போலவே நடந்தது. குடும்பத்தில் மூத்த பிள்ளைக்குள்ள கடமையே அங்கே கற்பிக்கும் முறையாயிற்று.

இனி, கடல் கடந்த கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1753ஆம் ஆண்டு பிறந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். அவர் 1787இல் இந்தியாவுக்கு வந்தார். ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டபோது, 1789இல் அதன் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கே நெடுங்காலம் ஆயிற்று. அங்கிருந்த ஆசிரியர்களோ புதிய வழி எதற்கும் இசையவில்லை. இந்நிலையில் ஒரு நாள் காலையில் அவர் குதிரையில் சென்றுகொண்டிருந்தபோது நம் நாட்டுப் பள்ளியொன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தாம் தேடிய வழி இதுவே என்று அவருக்குத் தோன்றியது.

திரும்பி வந்ததும், கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும்படி அதன் ஆசிரியரிடம் சொன்னார். அவர் அதற்கு உடன்படவில்லை. பெல் அவரோடு வாதாடாமல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். அவன் ஒரு படைவீரரின் மகன். பெரியவர்கள் முடியாது என்று கைவிட்டதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். பிறகு பிற வகுப்புகளிலும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரவியது. 1796இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டில் தம் சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அம்முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வழங்கலாயிற்று.

1798இல் லண்டன் மாநகரில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் ஏழைப் பிள்ளைகளுக்காக இத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கினார். இம்முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவரைச் சார்ந்தோரும் பல்லாண்டுகள் பூசலிட்டனர். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைகளின் கல்விக்கென்று தேசியச் சங்கம் நிறுவி, பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பினர். அங்கும் சிறுபிள்ளைகள் மணல் பரப்பிய தட்டுகளில் எழுதினர். 1832இல் பெல் இறந்தபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு அவருடைய சொந்த ஊரில் எழுப்பப்பட்ட பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயரோடு விளங்குகிறது.

இவ்வளவையும் கேட்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆயினும் வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிடுவது முறையன்று.

அக்காலத்து நம் பள்ளிகளின் நிலையை அறியச் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவு அது. அக்கணக்கிலேயே பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைகள் மிகமிகச் சிலர் என்பதும் தெரிகிறது. தீண்டாமைக்கு ஆளான குடிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரமாகவே இருந்தது. குடும்பம் போன்ற பள்ளி என்று மேலே சொன்னேன். அக்குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

பெல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த காம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சிக்கனமாக எழுத்துக் கற்பிப்பதையும், மூத்தோர் இளையோருக்குக் கற்பிப்பதையும் அவர் பாராட்டினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றார். கூடவே, பிள்ளைகள் பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்கிறார்கள் என்று குறையும் கூறினார். இங்கிலாந்துத் துணிகளின் வரவால் நம் நாட்டுக் கைத்தொழிலாளர் வருவாய் இழந்ததையும், வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாததையும், பல ஊர்களில் பள்ளிகள் மறைந்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். நம் கற்பிக்கும் முறை அங்கே போய்த் தழைத்த காலத்திலேயே, அதைப் பிறப்பித்த திண்ணைகள் இங்கே வெறிச்சோடத் தொடங்கியிருந்தன.

கடல் கடந்த முறைதான் முழு நன்மை பெற்றதா என்றால் அதுவுமில்லை. ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடலாம். செலவு மிகக் குறைவு. இந்தச் சிக்கனமே பலரைக் கவர்ந்தது. பெரிய கூடங்களில் வரிசை வரிசையாகப் பிள்ளைகளை அமர்த்தி, இயந்திரம் சுற்றுவதைப் போலப் பாடம் நடத்தினர். தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததைச் சிறுவன் பிறருக்கு ஒப்புவித்தான். பத்து வயதுப் பிள்ளை கற்பித்துக்கொண்டே இருந்தால், அப்பிள்ளை கற்பது எப்போது என்ற கேள்வி மெல்ல எழுந்தது. 1846இல் ஆங்கில அரசு ஒரு மாற்றம் செய்தது. பதின்மூன்று வயது நிரம்பியவர்களை ஐந்தாண்டுப் பயிற்சிக்கு எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தலைமையாசிரியர் நாள்தோறும் அவர்களுக்குத் தனியே பாடம் சொல்ல வேண்டும் என்று விதித்தது. கற்பிக்கும் பிள்ளைக்கும் கல்வி வேண்டும் என்ற உண்மையை அரசு உணர்வதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது இவற்றையெல்லாம் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதினேன். எழுதியதும் மறந்துவிட்டேன். அதை எனக்கு மீண்டும் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்.

1980களின் தொடக்கத்தில் ஒரு சிற்றூரில் ஈராசிரியர் பள்ளியில் பணியேற்றேன். ஐந்து வகுப்புகளுக்கு இருவர். உடன்பணி செய்தவர் விடுப்பில் சென்றால் நான் ஒருவனே. அத்தகைய நாள்களில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை முதல் வகுப்பில் அமர்த்திவிடுவேன். அவள் மிகுந்த பொறுமைசாலி. அழுகிற குழந்தையைத் தேற்றுவாள், மூக்கைத் துடைத்துவிடுவாள், எழுத்தையும் செம்மையாகச் சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் வகுப்பை விட்டுவிட்டால் எனக்குக் கவலையே இல்லை. ஆகவே, உடன்பணியாளர் இருந்த நாள்களிலும் அவளையே அனுப்பலானேன். எல்லாரிடமும் அவளைப் புகழ்ந்தும் பேசினேன்.

ஆண்டு முடிவில் அவள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தாள். தாயை அழைத்து வரச் செய்து குறை கூறினேன். வயல் வேலையிலிருந்து நேரே வந்த அந்த அம்மையார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "வாத்தியாரய்யா, வீட்டிலே இருந்தா தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கிறா. அதுங்களை எங்க அத்தைகிட்ட விட்டுட்டு, இவ படிக்கட்டும்னு அனுப்பினேன். இங்கேயும் பிள்ளைங்களைத்தான் பார்த்துக்கிறாளாம். அப்போ அவ எப்போங்க படிப்பா?"

நான் விடை சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் விடை இல்லை. நூலில் நான் படித்து மறந்த கேள்வியை அந்தத் தாய் தம் வாழ்க்கையிலிருந்து கேட்டார்.

கோடை விடுமுறையில் அம்மாணவியை நாள்தோறும் ஒரு மணி நேரம் வரச் செய்து, விட்டுப்போன கணக்குகளைச் சொல்லிக்கொடுத்தேன். பின்னர் என் பள்ளியில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிக்கலாம். ஆனால் ஒரு நாளில் அரை மணிக்கு மேல் கூடாது. எல்லாரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். பொறுமையுள்ள பெண்பிள்ளைகள் தலையில் மட்டும் அதைக் கட்டக் கூடாது. கற்பிக்கும் பிள்ளையை நான் அருகிலிருந்து கவனிப்பேன். இதன் பயன் வியக்கத்தக்கதாக இருந்தது. பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறிய சிறுவன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் போய்த் தானே தெளிந்து வந்தான்.

2007ஆம் ஆண்டையொட்டித் தமிழகத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் பரவியபோது, பல வகுப்புப் பிள்ளைகள் பாயில் ஒன்றாக அமர்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவுவதைக் கண்டேன். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த படித்த பெண்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். பழைய திண்ணை வேறு வடிவில் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றியது. இம்முறை பெண்பிள்ளைகளும், எல்லாக் குடிப் பிள்ளைகளும் அதில் அமர்ந்திருந்தனர்.

இக்காலத்துக் குடும்பங்கள் சிறியவை. ஒரே பிள்ளையாய் வளரும் குழந்தைக்குக் கற்பிப்பதற்குத் தம்பி இல்லை. கற்றுக்கொள்வதற்கு அக்காள் இல்லை. அத்தகைய வீடுகளில் பெற்றோர் மாலையில் சிறிது நேரம் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து உட்கார வைக்கலாம். பிள்ளைகள் பலராயுள்ள வீடுகளிலோ வேறொரு கவனம் வேண்டும். மூத்த மகள் தம்பியைக் கவனித்துக்கொள்கிறாள் என்று மகிழும் பெற்றோர், அவளுடைய புத்தகத்தையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

அன்று மாலை மணலருகே அமர்ந்திருந்த அந்தப் பெண்ணிடம், "உன் பாடத்தை எழுதிவிட்டாயா, அம்மா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை, தாத்தா" என்றாள். தம்பியை என்னிடம் விட்டுவிட்டுப் போய் எழுதி வரும்படி சொன்னேன். அவள் ஓடினாள். நான் மணலருகே அமர்ந்து, அவன் விரலைப் பிடித்து, ஆகாரத்தைத் தொடங்கினேன்.