நான்கு முகங்களும் ஓர் ஒலிநாடாவும்

ராக் இசையின் முதல் காணொளி குயீன் குழுவின் ‘பொஹிமியன் ராப்சடி’தான் என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. காசு போட்டால் பாட்டுப்படம் ஓடும் பெட்டிகள் 1940களிலேயே அமெரிக்க மதுக்கூடங்களில் இருந்தன. 1966இல் பீட்டில்ஸ் ‘பேப்பர்பேக் ரைட்டர்’, ‘ரெயின்’ பாடல்களைப் படமெடுத்து, நேரில் போவதற்குப் பதிலாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இருந்தும் 1975இல் வந்த இந்தக் காணொளிக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு என்றே கருதுகிறேன். மேடையில் யாராலும் நிகழ்த்த முடியாத ஓர் ஒலிக்கு அது உருவம் கொடுத்தது.

அந்த ஒலி எப்படி உருவானது என்று பார்த்தால்தான் இது விளங்கும். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கிய வேலை அது. தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். பாடலின் நடுவே வரும் ஓபரா பகுதியில் ஒரு பெரிய கூட்டமே பாடுவதுபோல் கேட்கும். பாடியவர்களோ மூவர்தான்: ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். 24 தடங்கள் கொண்ட நாடாவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து, பதிந்தவற்றைக் கலந்து வேறு தடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் மறுபடியும் பாடினார்கள். ஓடி ஓடி நாடாவின் மேற்பூச்சே தேய்ந்துபோனதாகக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். 5 நிமிடம் 55 விநாடி ஓடும் பாட்டு இப்படித்தான் பிறந்தது.

பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் வந்து வாயசைப்பது அன்றைய வழக்கம். இந்தக் கூட்டுக்குரலுக்கு நான்கு பேர் நின்று வாயசைத்தால் எடுபடாது, சுற்றுப்பயணமும் நெருங்கிவிட்டது. எனவே நவம்பர் 10 அன்று எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புக் கூடத்தில், ஒத்திகைக்கு இடையே, இயக்குநர் புரூஸ் கவர்ஸ் சில மணி நேரத்தில் படமெடுத்து முடித்தார். இருட்டிலிருந்து மேலெழும் நான்கு முகங்கள், 1974இல் மிக் ராக் எடுத்த ‘குயீன் II’ இசைத்தட்டின் அட்டைப்படத்திலிருந்து வந்தவை. ஓபரா பகுதியில் அந்த முகங்கள் பெருகுகின்றன. பட்டைக் கண்ணாடி வழியாகவும், கேமராவை அதன் திரையை நோக்கியே திருப்பியும் அதைச் சாதித்தார்கள். நாடாவில் குரலுக்கு நேர்ந்ததுதான் திரையில் முகத்துக்கும் நேர்கிறது. அந்தப் பகுதியில் பாடாத, குழுவின் நான்காமவரான ஜான் டீக்கனின் முகமும் அங்கே இருக்கிறது. யார் பாடினார்கள் என்ற கணக்கை அந்தப் படம் பொருட்படுத்தவில்லை.

பாட்டை உயர்த்தியது வானொலிதானே என்று கேட்கலாம். ஆம். கேப்பிட்டல் ரேடியோவில் அறிவிப்பாளர் கென்னி எவரெட் வெளியீட்டுக்கு முன்பே அதை விடாமல் ஒலிக்கவிட்டார். காணொளி நவம்பர் 20 அன்று முதன்முதலாக ஒளிபரப்பாகும் முன்பே இசைத்தட்டு தரவரிசையில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றதற்குக் காணொளி மட்டுமே காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். வெறும் வசதிக்காக எடுத்த படத்துக்கு இத்தனை பொருள் ஏற்றலாமா என்பது இன்னொரு கேள்வி, இதைவிடக் கடினமானது. அதற்குக் குழுவின் மேடை வரலாறே விடை. முழுப் பாடலையும் நிகழ்த்திய கச்சேரிகளில் ஓபரா பகுதி வந்ததும் நால்வரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள், நாடா ஒலிக்கும், கிட்டார் வெடிக்கும் பகுதிக்குத்தான் திரும்பி வருவார்கள். 1986 வெம்ப்ளி கச்சேரியிலும் இப்படித்தான். அதற்கு முந்தைய ஆண்டு, லைவ் எய்ட் நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சியில், பியானோவோடு வரும் தொடக்கப் பகுதியை மட்டும் பாடிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். ஓபரா பகுதியை அவர்கள் பாடுவதை ரசிகர்கள் கண்ணால் பார்க்கக் கிடைத்த இடம் காணொளி ஒன்றுதான்.