சம்பா கோவில் சுவரும் காரைக்கால் பாதிரியாரும்

நடுக்கால இங்கிலாந்தின் ஊர்க் கோவில்களில் பீடத்துக்கும் ஜனங்கள் நிற்கும் கூடத்துக்கும் நடுவே செதுக்கு வேலை செய்த மரத்தடுப்பு இருக்கும். அந்தப் பக்கம் குருமார், இந்தப் பக்கம் ஊர்மக்கள். நம்ம ஊர்த் தடுப்பு வேறு ரகம். அது ஜனங்களையே ரெண்டாகப் பிரித்தது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745 அக்டோபரில் ஒரு பதிவு. புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் (செயின்ட் பால் என்பதுதான் சம்பா ஆச்சு) வடபுறமாக ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மற்ற சாதியார், ஐரோப்பியர். காரைக்கால் பாதிரியார் வந்து தூண்டிவிட, அவர்கள் திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்கிறார்கள். சுவர் இடிபடுகிறது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து அப்போ ஆறே வருஷம்தான்!

அந்தக் கோவிலே இப்போ இல்லை; 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அழிந்தது. ஆனா சுவர் வேற ஊரில் வேற உருவில் வந்தது. 1872இல் நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கட்டின கோவிலில் பிரிவினையை வரைபடத்திலேயே போட்டுவிட்டார்கள். கால்சட்டை மாதிரி ரெண்டு கூடம், சேருமிடத்தில் ஒரே பீடம். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். ரெண்டு பேருக்கும் சாமியார் தெரிவார். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. 1910 வாக்கில் ஆயர் தரப்பு அந்தத் தடுப்பை எடுத்தது. வெள்ளாளர் போட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது.

பழைய கோவிலுக்குப் போனால் கோபுரத்தையும் கண்ணாடி ஜன்னலையும் பாருங்க. கூடவே, எத்தனை வாசல், யார் எங்கே உட்கார்ந்தாங்க என்றும் கேளுங்க.