திரை

கடலலை, முதுமையில் தோலில் விழும் சுருக்கம், வாயிலை மறைக்கும் சீலை ஆகிய மூன்றையும் ‘திரை’ என்னும் ஒரே சொல் சுட்டுவது, சுருளுதல், மடிதல் என்னும் பொருளுடைய ‘திரைதல்’ என்ற வினையினின்று அது பிறந்தமையாலேயாம்; பால் திரைந்துபோயிற்று என்று வீட்டுப் பெண்டிர் அலுத்துக்கொள்வதும் இவ்வினையே. குறிஞ்சிப்பாடிக்கு அணித்தேயுள்ள வடலூரில், 1872-ல் இராமலிங்க அடிகள் நிறுவிய சத்திய ஞானசபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலக ஜோதி தரிசனமாகும். அடிகளின் அருட்பெருஞ்ஜோதி அகவலோ அவ்வேழையும் கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என நிறம் பிரித்து ஆன்மாவின்மேல் போர்த்திக் காட்டுகிறது. ஓதுவோன் தன்னுள் மடிந்துகிடக்கும் அஞ்ஞானத்தை நீவி விரித்தலே அப்பகுதியின் தாத்பரியமென்று கொள்வேன். நரையும் திரையும் மூப்பும் நீங்குமென அடிகள் நம்பியதை நினைக்குங்கால், தோலின் திரையையும் இச்சொல்லில் அடக்கினாரோ என்றே தோன்றுகிறது.