ஐந்நூறில் ஒன்று

அடையாற்றில் இருக்கும் என் மருமான் சம்பளத்தில் கணிசமான பகுதியை இசைத்தட்டுகளில் போடுகிறவன். சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தட்டை உறையிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். மாதுளம் பழரசத்தை உறையவைத்தாற்போல் அது சிவந்து பளபளத்தது. அதில் பதிந்திருப்பது 'ஹார்ட்கோர் பங்க்' என்ற மேல்நாட்டுச் சங்கீதம். போட்டுக் கேட்டோம். பாடுகிறவருக்கு யார்மீதோ தீராத கோபம் என்பது மட்டும் எனக்கு விளங்கிற்று.

"இந்த வர்ணத்தில் மொத்தமே ஐந்நூறு தட்டுதான் மாமா. என்னுடையது நூற்று முப்பத்தேழு" என்றான். உறையின் மூலையில் யாரோ கையால் எண் எழுதியிருந்தார்கள்.

இதில் என்னடா இத்தனை பெருமை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வர்ணத் தட்டு ஒன்றும் புதுமையல்ல. 1949-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி, நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சிறு தட்டுகளை வெளியிட்டபோது, சாஸ்திரிய சங்கீதத்துக்குச் சிவப்பு, நாட்டுப்புறப் பாட்டுக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள் என்று இனத்துக்கு ஒரு நிறம் கொடுத்தது. அது அடையாளத்துக்காகச் செய்தது. எண்ணிக்கையின் கதை வேறு. 1980-இல் வாஷிங்டன் நகரத்துப் பையன்கள் சிலர் 'டிஸ்கார்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, குழுவில் மிச்சம் பிடித்த பணத்தில் 1,000 தட்டுகள் போட்டார்கள். உறையைக்கூடத் தாங்களே மடித்து ஒட்டினார்கள். அன்று வசதிக் குறைவால் வந்த சின்ன எண்ணிக்கையைப் பின்னால் வந்தவர்கள் ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். எண்ணை வேண்டுமென்றே குறைத்து, நிறத்தையும் சேர்த்தார்கள். அதுதான் மருமானின் ஐந்நூறு.

நம் ஊரிலும் அபூர்வத் தட்டுகள் உண்டு. ஆனால் எவரும் அவற்றை அபூர்வமாக இருக்கவேண்டும் என்று செய்யவில்லை.

1902-இல் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கவுஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் இங்கே பாடினால், தட்டு ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வரவேண்டும். 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது. தட்டுக்கு மூலப்பொருளோ அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் பூச்சி கட்டுவது. அதோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தினால் கறுப்புத் தட்டு. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் பாடும். கைநழுவிக் கீழே விழுந்தால் தீர்ந்தது.

சென்னையில் இது பெரிய வியாபாரமாயிற்று. பிற்காலத்தில் படமுதலாளியாகப் புகழ்பெற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், 1930-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி, ஓடியன் தட்டுகளை விற்றவர்தான். பத்து வயது எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 1926-இலேயே தட்டில் பாடிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் மணிக்கணக்காக வீணை வாசித்த தனம்மாளும், மூன்று நிமிஷத்துக்குள் அடங்கச் சம்மதித்துச் சில தட்டுகள் கொடுத்தார். அவர் 1938-இல் காலமானார். நாடக மேடையை ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் மறைந்தார். பேசும் படம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் எதிலும் நடிக்கவில்லை. அவர் குரல் வேண்டுமென்றால் தட்டைத் தவிர வேறு கதி கிடையாது.

இப்படிப்பட்ட பொக்கிஷத்தை நாம் எப்படிக் காத்தோம்? இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் பள்ளத்தைக் கொஞ்சம் தின்றது. யுத்த காலத்தில் அரக்குக்குப் பஞ்சம் வந்து, 1942-இல் அமெரிக்காவில் பழைய தட்டுகளைப் பொடித்துப் புதிய தட்டு செய்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு நெடுந்தட்டு, அதன்பின் காஸெட். 78 சுற்றுத் தட்டுக்கு வீட்டில் இடமில்லாமல் போயிற்று. சிலர் வெந்நீரில் முக்கி வளைத்துக் கிண்ணமாக்கினார்கள். மீதி, எடைக்குப் போயிற்று.

ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1960-ஐ ஒட்டி 78 சுற்றுத் தட்டு நின்றுவிட்டது. சாவி கொடுக்கும் பெட்டிகள் இங்கே இன்னும் பாடிக்கொண்டிருந்தபடியால், 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட இந்தியாவில் அந்தப் பழைய உருவில் போட்டார்கள். மின்சாரமில்லாத வீட்டுக்கென்று செய்த அந்தச் சரக்கை இன்று உலகமெங்கும் சேகரிப்போர் தேடி அலைகிறார்கள்.

மிஞ்சியவை எல்லாம் சில பிடிவாதக்காரர்களால் மிஞ்சின. 40,000-க்கும் மேற்பட்ட 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்த சென்னை வி.ஏ.கே. ரங்கா ராவ் அவர்களில் முதன்மையானவர். பம்பாயில் 1990-இல் இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. அதைச் சேர்ந்தவர்களின் முயற்சியால் 1930-களின் ஓடியன் தட்டுகள் பல, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கின்றன. சரஸ்வதி ஸ்டோர்ஸில் விற்ற பாட்டை இன்று எவரும் வீட்டிலிருந்தே கேட்கலாம். கம்பெனிகள் கைவிட்டதை, அயலார் 'பைத்தியம்' என்று சிரித்தவர்கள் காப்பாற்றினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்ட காரணத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் கோயிலுக்குப் பின்புறம் இருந்த எங்கள் வீட்டை 1991-இல் இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தார்கள். பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது, நிறையத் தட்டுகள். பழைய பேப்பர்க்காரர் தராசில் வைத்து நிறுத்தார். பெட்டியை வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தவன் நான். கிடைத்த சில்லறையில் எனக்கும் தம்பிக்கும் ஐஸ்கிரீம். பாட்டி மட்டும் உள்ளே போய்விட்டாள்.

"பெட்டியில் என்னென்ன இருந்தது மாமா?" என்று கேட்டான் மருமான்.

கிட்டப்பா இருந்தார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்தப் பாட்டு, என்ன எண், எந்தக் கம்பெனி என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை. பாட்டியும் போய்விட்டாள்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், தராசுக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் காகிதத்தில் பாடியவர் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். அதை எழுதி, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மருமானின் தட்டுக்கு இன்னும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது உடன்பிறப்புகள் உண்டு. உங்கள் கையில் இருப்பது கடைசித் தட்டாகவே இருக்கலாம்.